சுப்பாராவும் உயிருள்ள தராசும்

1895-ஆம் வருஷம் அன்றைய சென்னை ராஜதானிக்கு இரண்டு பெரும் பாக்கியங்களை அளித்தது. ஒன்று ஊரறிந்தது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் பாயவிட்டார்கள். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நஞ்சையாக விளங்குவது அந்நீரால்தான். அந்த நன்றியைப் பள்ளத்தாக்கு மறக்கவில்லை. அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் படத்தைத் தேனி ஜில்லாவில் எத்தனையோ குடும்பத்தார் சுவாமி படங்களுடன் சேர்த்து மாட்டி வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்த தினமாகிய ஜனவரி 15-இல் அவர் பெயரால் பொங்கலிடுகிறார்கள். 2013-இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. மற்றொரு பாக்கியம் ஊரறியாதது. அதே 1895-ஆம் வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி, கோதாவரிப் பாசனத்தால் செழித்த பீமாவரத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் பிறந்தார்.

பெரியாற்று நீர் பாயும் வயலில் நாற்று நடும் பெண் கருவுற்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்கு நாள்தோறும் உண்ண ஒரு மாத்திரை தருகிறார்கள். அதில் இரும்புச் சத்துடன் அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கலந்திருக்கிறது. அதைச் செயற்கையாகச் செய்ய வழிகண்ட கூட்டத்தின் தலைவர் சுப்பாராவ். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்கும், மூட்டுவாதத்தால் கைவிரல் மடங்கிய முதியவளுக்கும் கொடுக்கப்படும் மெதொட்ரெக்ஸேட், யானைக்கால் நோயை ஒழிப்பதற்காக ஸர்க்கார் வழங்கும் டைஎதில் கார்பமஸீன் ஆகிய மருந்துகளும் அவருடைய ஆராய்ச்சிசாலையில் தோன்றியவையே. இத்தனை வீடுகளில் புகுந்த மனிதரின் படம் ஒரு சுவரிலும் தொங்கக் காணோம். குற்றம் ஜனங்களுடையதன்று. நீரின் மூலத்தைச் சொல்லத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். மருந்தின் மூலத்தைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. அக்குறையைச் சிறிதேனும் தீர்க்கும் பொருட்டே அவருடைய சரித்திரத்தை இங்கே சுருக்கிக் கூறுகிறோம்.

தந்தை ஜகந்நாதம் ரெவினியூ இலாகாவில் சிறு உத்தியோகத்திலிருந்து, உடல் நலிவால் சீக்கிரமே விலகியவர். தாய் வேங்கம்மா. ஏழு குழந்தைகளில் நான்காமவர் சுப்பாராவ். வறுமை வீட்டில் குடிகொண்டிருந்தது. படிப்பில் மனம் ஒட்டாத சிறுவன், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்றெண்ணி ஒரு நாள் வீட்டை விட்டு ஓடினான். பாதிவழியில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்தத் தாய் தன் நகைகளை விற்று அவனைப் பள்ளிக்கு அனுப்பினாள். ராஜமகேந்திரத்தில் தேறாமல், மூன்றாவது தடவையாகத் திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் பரீக்ஷையில் தேறினார். இருமுறை தவறியவனை இனித் தேறாதவன் என்று தள்ளிவிடும் பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் இதைச் சற்று யோசிப்பார்களாக.

சென்னை ராஜதானிக் கல்லூரியில் படிக்கும்போது அவர் உள்ளம் ஸ்ரீராமகிருஷ்ண மடத்தை நாடியது. சந்நியாசம் பெற விரும்பினார். தாய் இணங்கவில்லை. தாயின் சம்மதமின்றித் துறவு தர மடத்துப் பெரியோர்களும் உடன்படாமல், வைத்தியம் கற்று ஜனங்களுக்குத் தொண்டு செய்யும்படி அவரைத் திருப்பிவிட்டார்கள். 1915-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். 1919-இல் சேஷகிரி என்னும் பெண்மணியை விவாகம் செய்துகொண்டார். மாமனாரின் உதவியால் படிப்பு நடந்தது.

காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கச் சொன்ன காலம் அது. சுப்பாராவ் கதர் அணிந்தார். தெருவில் அணிந்ததோடு நில்லாமல், ரண சிகிச்சைக் கூடத்தில் அணியும் மேலங்கியையும் கதரிலேயே தைத்துக்கொண்டு போனார். ரண சிகிச்சைப் பேராசிரியராக இருந்த பிராட்பீல்டு துரைக்கு இது பொறுக்கவில்லை. எழுத்துப் பரீக்ஷைகளை நன்றாகவே எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிடைத்தது. சென்னை ஸர்க்காரின் வைத்திய இலாகாவில் உத்தியோகத்துக்கு முயன்றார், அதுவும் கிட்டவில்லை. ஒரு முழத் துணியின் பொருட்டு ஒருவனுடைய வாழ்க்கைப் பாதையையே அடைக்க முடிந்தது அந்த ஆட்சியால். ஆயினும் ஆயுர்வேதம் அவருக்குக் கதவு திறந்தது. டாக்டர் ஆசண்ட லக்ஷ்மீபதி சென்னையில் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உபாத்தியாயராக அமர்ந்தார்.

இதற்கிடையே அவர் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. உஷ்ண தேசங்களில் காணும் ஸ்ப்ரூ என்ற ஒருவகைக் கிராணி நோயால், எட்டே நாட்களுக்குள் இரண்டு சகோதரர்கள் மாண்டனர். உண்ட உணவு உடலில் ஒட்டாமல் கழிந்துபோகும், இரத்தம் வெளிறும், நாக்குப் புண்ணாகும், உடல் எலும்பாய் வற்றும், மேல்நாட்டு வைத்தியத்தில் அன்று அதற்கு மருந்தில்லை. சுப்பாராவையும் அந்நோய் தாக்கியது. லக்ஷ்மீபதியின் சிகிச்சையால் பிழைத்தார். எட்டு நாளில் இரண்டு உயிரைக் கொண்டுபோனது எது, இரத்தம் எதனால் வெளிறுகிறது என்ற கேள்வி அன்று தொடங்கி அவரை விடவில்லை.

காகிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தரும நிதியும் மாமனாரும் கைகொடுக்க, 1923 அக்டோபரில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரம் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டு சர்வகலாசாலையில் உஷ்ணதேச வைத்தியம் கற்று 1924-இல் டிப்ளமா பெற்றார். வைத்தியப் பட்டம் பெற்ற அந்த மனிதர் அந்நாட்டில் சிகிச்சை செய்ய அனுமதி இல்லாதவர். ஆகவே ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்காரராக அமர்ந்து, நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவி வயிறு வளர்த்தார். பகலில் சோதனைச்சாலை, இரவில் இத்தொழில். ஊரில் மனைவி காத்திருந்தாள். அவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தை சிசுப் பருவத்திலேயே இறந்தது. சில வருஷங்களில் திரும்பிவிடுவதாக எண்ணிச் சென்றவர் பின் ஒருநாளும் இந்தியாவைக் காணவில்லை.

ஹார்வர்டில் ஸைரஸ் பிஸ்கே என்பவருடன் சேர்ந்து 1925-இல் அவர் வெளியிட்ட ஒரு முறையால், இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை, கரைசலில் உண்டாகும் நீல நிறத்தின் அழுத்தத்தைக் கொண்டே அளந்துவிடலாயிற்று. உலகமெங்கும் ரசாயன மாணவர்கள் பிஸ்கே-சுப்பாராவ் முறை என்று அதைக் கற்றார்கள். அந்த அளவுகோலைக் கொண்டு தசையை ஆராய்ந்தபோது 1927-இல் பாஸ்போ கிரியாட்டினும், 1929-இல் ஏ.டி.பி. என்ற பொருளும் வெளிப்பட்டன. ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதே சமயத்தில் ஏ.டி.பி.யைக் கண்டார். உயிருள்ள ஒவ்வோர் அணுவும் தன் வேலைக்குச் செலவிடும் நாணயம் அது. 1930-இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. நிலையான பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1940-இல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் ராஜ்யத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆராய்ச்சிசாலைக்குச் சென்றார். இரண்டே வருஷத்தில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அப்போது அவர் வயது 47.

அங்கே அவர் கையில் எடுத்தது பழைய கேள்வியையே. இரத்தம் வெளிறும் ஒருவகை நோய்க்கு ஈரல் சாறு கொடுத்தால் குணமாவதை வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள். ஈரலில் உள்ள அந்தப் பொருள் எது? இதே சமயத்தில் நம் தேசத்திலிருந்தே மற்றொரு துப்புக் கிடைத்திருந்தது. பம்பாயில் ஆலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் இரத்தம் வெளிறி மாள்வதைக் கண்டு ஆராய்ந்த லூஸி வில்ஸ் என்ற ஆங்கில மாது, ஈஸ்டின் சாறு அவர்களைக் குணப்படுத்துவதை 1931-இல் வெளியிட்டிருந்தார். ஈரலில் இருக்கிறது, ஈஸ்டில் இருக்கிறது; எவ்வளவு இருக்கிறது, எந்தப் பகுதியில் ஒளிந்திருக்கிறது என்பது தெரியவில்லை. அக்காலத்து ரசாயனத் தராசுக்கு அகப்படாத நுண்ணிய அளவு அது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் 1941-இல் நான்கு டன் பசலைக் கீரையைப் பிழிந்து அச்சத்தின் ஒரு சிறு துளியை எடுத்தார்கள். இலையில் கிடைத்ததால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

இப்படிப்பட்ட பொருளைப் பிடிக்க எந்தத் தராசு உதவும்? இங்கேதான் வாசகர்கள் நின்று கவனிக்க வேண்டும். ஆராய்ச்சிக்காரர்கள் உயிருள்ள தராசு ஒன்றைக் கையாண்டார்கள். பாலைப் புளிக்கச் செய்யும் இனத்தைச் சேர்ந்த லாக்டோபாஸில்லஸ் கேஸி என்னும் நுண்ணுயிர் இருக்கிறது. ஃபோலிக் அமிலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாத உயிர் அது. வெளியிலிருந்து கிடைத்தால் பெருகும், கிடைக்காவிட்டால் பெருகாது. ஆகவே அதற்கு வேண்டிய மற்றெல்லா உணவும் கலந்து, இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்ட கரைசலைக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றுவார்கள். ஒவ்வொரு குழாயிலும் சோதிக்க வேண்டிய சாற்றில் சிறிது சேர்த்து, நுண்ணுயிரை விதைத்து, உடற்சூட்டின் அளவில் மூன்று நாள் வைப்பார்கள். நம் வீடுகளில் உறைமோர் ஊற்றிய பால் எவ்வளவு புளித்திருக்கிறது என்பதைக் கொண்டு உறை ஏறியதை அறிகிறோமல்லவா? அவ்வாறே ஒவ்வொரு குழாயும் எவ்வளவு புளித்தது என்று காரம் சேர்த்து அளந்தால், சாற்றில் எவ்வளவு ஃபோலிக் அமிலம் இருந்தது என்பது தெரிந்துவிடும். ஒரு கிராமை 100 கோடிக் கூறாக்கினால், அதில் ஒரு கூறுக்கும் குறைந்த அளவு ஒரு மில்லிலிட்டரில் இருந்தாலும் இந்த அற்ப உயிர் கண்டுசொல்லும்.

லெடர்லியில் ஸ்டோக்ஸ்டாட், ஹட்சிங்ஸ் முதலியோர் இந்தத் தராசைப் பிடித்துக்கொண்டு ஈரலையும் ஈஸ்டையும் படிப்படியாகப் பிரித்தார்கள். குழாய் புளித்த பக்கத்தை வைத்துக்கொண்டு, புளியாத பக்கத்தைக் கொட்டினார்கள். இவ்வாறு பரிசுத்தமாகக் கிடைத்த பொருளின் அமைப்பை அறிந்து, 1945-இல் அதைச் செயற்கையாகவே செய்தார்கள். அதை அறிவித்த கட்டுரையில் 16 பேருடைய பெயர்கள் இருக்கின்றன. தலைவராகிய சுப்பாராவின் பெயர் அவற்றுள் ஏழாவது. தம் பெயரை முன்னால் வைத்துக்கொள்ளாத இந்தக் குணமே பிற்காலத்தில் ஜனங்கள் அவரை அறியாமற் போனதற்கு ஒரு காரணமாயிற்று எனலாம். அவர் தேடியது பெர்னிஷியஸ் அனீமியா என்ற இரத்தசோகைக்குரிய மருந்து. அது வேறு பொருள். பி-12 என்ற பெயரில் 1948-இல் பிறர் கையில் கிடைத்தது. ஆனால் சுப்பாராவுக்குக் கிடைத்ததோ, அவர் வாழ்நாளெல்லாம் தேடியது. கியூபா முதலிய உஷ்ண தேசங்களில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு ஃபோலிக் அமிலத்தைக் கொடுத்தபோது, வெளிறிய இரத்தம் செந்நிறமடைந்தது. தம்மைப் பெற்ற தாயின் இரு மக்களைக் கொன்ற நோய்க்கு, சுமார் கால் நூற்றாண்டுக்குப் பின், அத்தாயின் மற்றொரு மகன் மருந்து கண்டார்.

சரித்திரம் இதோடு நிற்கவில்லை. நுண்ணுயிரைப் பெருக்கும் பொருள் ஒன்று உண்டென்றால், அதைப் போலவே வேஷமிட்டு உள்ளே நுழைந்து, பெருகவிடாமல் தடுக்கும் பொருளும் செய்யலாமல்லவா? ஃபோலிக் அமிலத்தின் உருவத்தில் ஓர் இடத்தை மட்டும் மாற்றி அத்தகைய போலிகளை லெடர்லியில் செய்தார்கள். அவற்றையும் நுண்ணுயிர்க் குழாய்களிலேயே சோதித்தார்கள். போலியைச் சேர்த்தால் வளர்ச்சி நிற்கும். உண்மைப் பொருளை மிகுதியாகச் சேர்த்தால் வளர்ச்சி மீளும். இரண்டும் ஒரே ஆசனத்துக்குப் போட்டியிடுகின்றன என்பதற்கு இதைவிடச் சாக்ஷி வேண்டுவதில்லை. அந்த ஆசனம் அணுவின் உள்ளே இருக்கும் ஒரு நொதி. அது முடங்கினால், அணு பிளந்து பெருகுவதற்கு வேண்டிய தைமின் என்ற சரக்குக் கிடையாது. கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றணுவை இது அதிகமாகத் தாக்கும்.

1947-இல் உண்டான அமினோப்டெரின் என்ற போலியை, பாஸ்டனில் ஸிட்னி பார்பர் என்ற வைத்தியர் இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். அதுவரை அந்நோய் கண்ட குழந்தைக்குச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அவர்களுள் 10 குழந்தைகள் சில காலம் எழுந்து விளையாடும் நிலைக்கு வந்தார்கள். நோய் மீண்டும் வந்தது, மருந்தும் கடுமையானது. ஆனாலும் இந்நோயை மருந்தால் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது 1948 ஜூன் மாதத்தில் முதன்முதலாக உலகுக்குத் தெரிந்தது. அதனினும் சற்றுச் சாந்தமான மெதொட்ரெக்ஸேட் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்று சிகிச்சையில் ஓர் அங்கமாக இருக்கிறது. மூட்டுவாதத்துக்கு அதை வாரம் ஒரு முறை மட்டும் சிறு அளவில் தருகிறார்கள். நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. அதன் கொடுமையைத் தணிக்க உடன் கொடுப்பது எது? ஃபோலிக் அமிலமே. பூட்டும் திறவுகோலும் ஒரே பட்டறையில் பிறந்தவை.

யானைக்கால் நோய்க்குக் காரணமான புழுக்களை இரத்தத்திலிருந்து அகற்றும் ஹெட்ரஸான் 1947-இல் வெளிவந்தது. டைஎதில் கார்பமஸீன் என்ற பெயரில் நம் தேசத்தில் 2004 முதல் நோயுள்ள ஜில்லாக்களில் ஜனங்கள் அனைவருக்கும் ஒருசேர வழங்கப்பட்டது அதுவே. மிஸ்ஸௌரி நாட்டு மண்ணிலிருந்து பெஞ்சமின் டக்கர் எடுத்த ஆரியோமைஸின், டெட்ராஸைக்ளின் இனத்து மருந்துகளுள் முதலாவது. அது 1948 ஜூலையில் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோதும் லெடர்லியின் ஆராய்ச்சித் தலைவர் சுப்பாராவே. அடுத்த மாதம் 9-ஆம் தேதி காலை, நியூயார்க்கில் அவர் தம் அறையில் இறந்து கிடந்தார். வயது 53. சுதந்திர இந்தியாவின் முதலாண்டு நிறைவுக்கு ஆறு நாட்கள் இருந்தன. இந்தியர்கள் அமெரிக்கப் பிரஜையாகலாம் என்று 1946-இல் சட்டம் வந்தும் அவர் அதை நாடவில்லை. கதரை விடாதவர் தேசத்தையும் விடவில்லை. 1995-இல் அவருடைய நூற்றாண்டில் இந்திய ஸர்க்கார் தபால் தலை வெளியிட்டது.

அவர் காலத்துத் தராசு பழங்கதையாகிவிட்டதோ என்றால், இல்லை. இன்று மருந்து தேடுவோர் அதே வழியில் வெகுதூரம் போயிருக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன், தைராய்டு முதலிய சுரப்பு நீர்கள் அணுவின் சுவரைக் கடந்து உள்ளே சென்று, ஏற்பி என்ற ஆசனத்தில் அமர்ந்து, எந்த மரபணு விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்று ஆணையிடுகின்றன. மார்பகப் புற்றுக்குத் தரும் டாமாக்ஸிபென் அந்த ஆசனத்தை மறித்துக்கொள்ளும் மருந்து. இப்படி அணுவின் உள்ளே சென்று வேலை செய்யும் பொருளை அறிய, உயிருள்ள அணுவையே சாக்ஷியாக்குகிறார்கள். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையார் 2005-இல் வெளியிட்ட ஒரு முறையைப் பாருங்கள். தைமின் செய்யும் நொதியை இழந்த ஒரு குடல் நுண்ணுயிரை எடுத்து, அந்நொதியுடன் மனித ஏற்பியின் ஒரு துண்டை ஒட்டி அதனுள் வைத்தார்கள். ஏற்பியில் பொருந்தும் மருந்து வந்தால் நொதி விழிக்கிறது. நுண்ணுயிர் பெருகிக் குழாய் கலங்குகிறது. பொருந்தாவிட்டால் குழாய் தெளிவாகவே நிற்கிறது. சுப்பாராவின் ஆட்கள் எந்தத் தைமின் சங்கிலியை அறுத்தார்களோ, அதே சங்கிலியின் ஒரு கண்ணியே இங்கே மணியடிக்கிறது. நுண்ணுயிர் மனிதனன்று, இதில் தேறிய மருந்து பிறகு எத்தனையோ பரீக்ஷைகளைக் கடக்க வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கான பொருள்களுள் எதைப் பார்க்க வேண்டும் என்று முதலில் சொல்வது அதுவே. இதற்குப் பெரிய மாளிகையும் பொன்னாலான கருவியும் வேண்டுவதில்லை. கண்ணாடிக் குழாயும், சூடு மாறாத பெட்டியும், சரியான கேள்வியும் வேண்டும்.

சரியான கேள்வியை உடையவன் எங்கே பிறப்பான் என்று யாரும் சொல்ல முடியாது. பீமாவரத்து வறுமையில் பிறந்தவனை நாம் ஒரு துணியைக் காரணமாக வைத்து இழந்தோம். அன்று ஆண்டவன் அந்நியன் என்று சொல்லித் தப்பலாம். இன்று ஆள்பவர் நாம். கம்பத்திலோ, சின்னமனூரிலோ, போடிநாயக்கனூர் மலையடிவாரத்து ஏலத்தோட்டத் தொழிலாளியின் குடிசையிலோ இரண்டு முறை பரீக்ஷையில் தவறிய ஒரு பையன் இருக்கலாம். தம்பியைத் தின்ற நோய் எது என்று கேட்கும் ஒரு பெண் இருக்கலாம். தேனியில் இப்போது ஸர்க்காரின் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. அதன் கதவு அவர்களுக்கு எவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளே சென்றபின் கேள்வி கேட்க எவ்வளவு இடமிருக்கிறது என்பதைக் கொண்டே நாம் சுப்பாராவிடமிருந்து எதையாவது கற்றோமா என்பது நிச்சயமாகும்.

பெரியாற்று நீரைக் கொணர்ந்தவரைக் குலதெய்வம்போல் போற்றும் பள்ளத்தாக்குக்கு நன்றியைப் பற்றி எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. தை பிறக்கும் அந்த வாரத்தில், ஜனவரி 15-க்கு மூன்று நாள் முன்னதாக, மற்றொருவருடைய பிறந்த நாளும் வருகிறது. பள்ளிக்கூடங்களில் உபாத்தியாயர்கள் அன்று ஒரு கால்மணி நேரம் அவர் கதையைச் சொல்லட்டும். கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். பெயர் தெரிந்துவிட்டால், அதை எங்கே வைத்துப் போற்றுவது என்பதை அந்த ஜனங்களே அறிவார்கள்.